எக்செல் கோப்பிலிருந்து எக்செல் கோப்புக்கு: செக்ரோல் மேசையில் பைதன்

தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் மாத முடிவு என்றாலே, பெரும்பாலும் ஒரு கோப்பில் இருப்பதை இன்னொரு கோப்புக்கு எடுத்துப் போடும் வேலைதான். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஓர் எக்செல் கோப்பு வருகிறது. அதில் தொழிலாளர் ஒருவருக்கு ஒரு நிரை (கிடைவரிசை), மாதத்தின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் (நெடுவரிசை), கலத்துக்குள் அன்றைய கொழுந்தின் நிறை. இவையெல்லாம் தோட்டத்தின் பொதுச் செக்ரோலுக்குள், அதாவது தொழிலாளரின் வரவும் சம்பளமும் பதியும் பேரேட்டுக்குள், வந்து சேர்ந்த பிறகுதான் சம்பளக் கணக்கில் கை வைக்க முடியும். இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்துக்காக இந்த மாற்றும் வேலையைப் பைதன் என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்தேன். அப்போது கவனித்தவற்றை, இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இதற்கான குறிநிரல் இணையத்தில் எங்கும் கிடைக்கும். மூலக் கோப்பைத் திற, இலக்குக் கோப்பைத் திற, நிரைக்கு ஒரு சுற்று, நிரலுக்கு ஒரு சுற்று, கலத்தின் மதிப்பை இங்கிருந்து அங்கே போடு, சேமி. பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும். ஆகவே அதை நான் மறுபடி எழுதப்போவதில்லை. அந்தப் பத்து வரிகளும் பிழையில்லாமல் ஓடி முடிந்த பிறகு சம்பளக் கணக்கு ஏன் தவறாக வருகிறது என்பதே என் அக்கறை. என் அனுபவத்தில் அதற்கான காரணம் சுற்றுகளில் இருப்பதில்லை; ஒரு கலத்திலிருந்து எதை நகலெடுக்கிறோம் என்று முன்கூட்டியே தீர்மானிக்காததில்தான் இருக்கிறது.

ஒரு கலத்தில் குறைந்தது மூன்று பொருள்கள் இருக்கின்றன: ஒருவர் உள்ளே எழுதியது, திரையில் தெரியும் விடை, அந்த விடைக்கு அணிவித்திருக்கும் எழுத்துரு, நிறம், கோடு, எண் வடிவம் ஆகியவை. எக்செலில் கையால் நகலெடுக்கும்போது இம்மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போவதால், அவை வெவ்வேறானவை என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. பைதனில் இந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் ஓப்பன்பைஎக்ஸ்எல் என்ற நூலகமோ (ஆயத்தக் குறிநிரல் தொகுப்போ) அவற்றைத் தனித்தனியாகவே கையாள்கிறது. அது எக்செலை இயக்குவதில்லை. கணினியில் எக்செல் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது எக்ஸ்எம்எல் ஆவணங்கள் பலவற்றை உள்ளடக்கிய ஒரு ஸிப் பொதி. அந்தப் பொதியைப் பிரித்து நேரடியாகப் படித்து எழுதுவதே இந்த நூலகம் செய்வது. நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு பிரதி எடுத்து, அதன் பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்து பார்க்கலாம். பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களில் பாதி, அந்தப் பொதியை ஒரு தடவை கண்ணால் பார்த்தவருக்குத் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் சூத்திரங்கள். பிரிவிலிருந்து வரும் தாளின் கடைசி நிரலில் அந்தத் தொழிலாளரின் மாத மொத்தம் கூட்டல் சூத்திரமாக இருக்கும். கோப்பைச் சாதாரணமாகத் திறந்தால் நூலகம் நமக்குத் தருவது அந்தச் சூத்திரத்தின் எழுத்துகளைத்தான். அதை அப்படியே இலக்குத் தாளில் வேறொரு நிரையில் எழுதினால், சூத்திரம் இடத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளாது. பன்னிரண்டாம் நிரையில் உட்கார்ந்துகொண்டு ஐந்தாம் நிரையைக் கூட்டிக்கொண்டிருக்கும். அது நாள்கூலி விகிதம் எழுதப்பட்ட வேறொரு தாளைச் சுட்டுவதாக இருந்து, அந்தத் தாள் இலக்குக் கோப்பில் இல்லாவிட்டால், நிலைமை இன்னும் மோசம்.

விடை மட்டும் வேண்டுமென்றால் கோப்பைத் திறக்கும்போதே டேட்டா_ஒன்லி என்ற தெரிவை இயக்கித் திறக்க வேண்டும். இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. நூலகம் தானாக எதையும் கணக்கிடுவதில்லை; எக்செல் கடைசியாகச் சேமித்தபோது சூத்திரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்த விடையைத்தான் அது எடுத்துத் தருகிறது. எக்செலே தொடாத கோப்பு, அதாவது இன்னொரு பைதன் செய்நிரல் உருவாக்கிய கோப்பு என்றால், அங்கே விடை எழுதப்பட்டிருக்காது. சூத்திரம் உள்ள கலமெல்லாம் வெறுமையாகவே வரும். எக்செலில் ஒரு தடவை திறந்து சேமித்தால் இது சரியாகிவிடும். இரண்டாவது பொறி இதைவிட ஆபத்தானது: இந்தத் தெரிவோடு திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்தால், அதிலிருந்த சூத்திரங்கள் அனைத்தும் போய் வெறும் எண்கள் மட்டும் மிஞ்சும். எனவே மூலக் கோப்பின் மீது சேமிக்கும் கட்டளையே செய்நிரலில் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது என்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

இலக்குக் கோப்பின் நிலை இதற்கு எதிரானது. அங்கே ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளரிடமிருந்து 8 வீதம், நிர்வாகத்திடமிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் என்று கணக்கிடும் சூத்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை உயிரோடிருக்க வேண்டும். ஆகவே மூலத்தை விடைகளுக்காகவும் இலக்கைச் சூத்திரங்களுக்காகவும் இரண்டு வெவ்வேறு முறையில் திறக்கிறேன். நூலகம் எழுதிய கோப்பை எக்செலில் திறந்தவுடன் சூத்திரங்கள் மீண்டும் கணக்கிடப்படும். ஆனால் எக்செலில் திறப்பதற்கு முன்பே அதை வாட்ஸ்அப்பில் துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) அனுப்பினால், தொலைபேசியின் முன்னோட்டத் திரை சில வேளைகளில் மொத்தங்களை வெறுமையாகக் காட்டும். பார்ப்பவர் பதறுவார், கோப்பில் ஒரு குறையும் இருக்காது.

அடுத்தது தோற்றம். பெரிய கிளாக்கர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, பழைய மாதிரியே இருக்கணும், ஒரு கோடுகூட மாறக்கூடாது. துரை கையெழுத்துப் போடுற தாள் அது." அவர் கேட்டது நியாயமானதே. அதைச் செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. தோற்றத்தையும் சேர்த்து நகலெடுப்பது ஒன்று. தோற்றம் ஏற்கெனவே அமைந்த வார்ப்புத் தாளில் மதிப்புகளை மட்டும் நிரப்புவது மற்றது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஏனென்றால் முதலாவது வழியில் எத்தனை முட்கள் உள்ளன என்று பாருங்கள்.

ஒரு தாளை முழுமையாகப் பிரதி எடுக்க கொப்பி_வேர்க்ஷீட் என்று ஒன்று நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அது ஒரே கோப்புக்குள் மட்டுமே வேலை செய்யும். கோப்பு விட்டுக் கோப்புக்குக் கேட்டால் மறுத்துவிடும். அப்படியானால் கலம் கலமாகத்தான் போக வேண்டும். எழுத்துரு, நிரப்பு நிறம், எல்லைக் கோடு, ஒழுங்கமைவு ஆகியவை கோப்பு ஒவ்வொன்றுக்கும் உரிய ஒரு பொதுப் பட்டியலில் கிடக்கின்றன. கலத்தில் இருப்பது அந்தப் பட்டியலின் வரிசை எண் மட்டுமே. ஒரு கோப்பின் வரிசை எண்ணை இன்னொரு கோப்பில் போட்டால் அங்கே அதே இடத்தில் வேறு ஏதோ ஓர் அலங்காரம் இருக்கும். எனவே எழுத்துருவுக்கு ஒரு பிரதி, நிறத்துக்கு ஒரு பிரதி என்று ஒவ்வொன்றையும் பைதனின் கொப்பி செயற்கூறு மூலம் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். நிபந்தனை வடிவமைப்பும் உள்ளீட்டுக் கட்டுப்பாடும் கலத்தில் இல்லை, தாளில் இருக்கின்றன. ஆகவே கலங்களை நகலெடுப்பதால் அவை வந்து சேராது. இணைக்கப்பட்ட கலங்களில் இடது மேல் மூலையில் உள்ளதற்கு மட்டுமே மதிப்பு எழுதலாம். மற்றவற்றில் எழுத முயன்றால் செய்நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.

நிரலின் அகலம்தான் செக்ரோலில் எல்லோரையும் ஏமாற்றுவது. முதல் நிரலில் தொழிலாளர் எண், இரண்டாவதில் பெயர், மூன்று முதல் முப்பத்து மூன்று வரை நாள்கள். இந்த முப்பத்தொரு நிரல்களும் ஒரே அகலம் கொண்டவை என்பதால், எக்செல் அவற்றைக் கோப்புக்குள் மூன்றிலிருந்து முப்பத்து மூன்று வரை என்று ஒரே பதிவாகச் சுருக்கி எழுதிவிடுகிறது. நூலகமும் அந்தப் பதிவை மூன்றாம் நிரலின் பெயரில் மட்டுமே வைத்துக்கொள்கிறது. ஆகவே நிரல் நிரலாக அகலத்தை நகலெடுத்தால், முதலாம் தேதி ஒடுங்கியும் மற்ற முப்பது நாள்களும் அகன்றும் வந்து, அச்சிடும்போது தாள் பக்கம் பக்கமாகப் பிரிந்துபோகும். அகலத்தோடு அந்தப் பதிவின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் சேர்த்து நகலெடுத்தால் சரியாகும். வார்ப்புத் தாள் இருந்தால் இவற்றில் எதுவுமே தேவைப்படாது. ஒரே ஒரு எச்சரிக்கை: வார்ப்பில் வரைந்த வடிவங்களோ எழுத்துப் பெட்டிகளோ இருந்தால், நூலகம் திறந்து சேமிக்கும்போது அவை காணாமற் போகும். கையெழுத்துக்கான இடத்தை எழுத்துப் பெட்டியாக வைத்திருந்தார்கள். அதைச் சாதாரணக் கலங்களாக மாற்றச் சொன்னேன்.

இனி, எங்கே எழுதுவது என்ற கேள்வி. நிரை ஐந்திலிருந்து நிரை ஐந்துக்கு என்று இடத்தை நம்பி நகலெடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பிரிவில் ஒருவர் ஓய்வு பெற்று, அவருடைய நிரையை யாரோ அழித்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள எல்லோருடைய கொழுந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் ஏறிவிடும். செய்நிரல் எந்தப் பிழையும் காட்டாது. எனவே இலக்குத் தாளை முதலில் ஒரு தடவை படித்து, எந்தத் தொழிலாளர் எண் எந்த நிரையில் இருக்கிறது என்று ஓர் அகராதி கட்டிக்கொள்ள வேண்டும். மூலத்தில் ஒவ்வொரு எண்ணையும் அந்த அகராதியில் தேடி, கிடைத்த நிரையில் எழுத வேண்டும். ஒரு கோப்பில் 47 என்ற எண்ணாகவும் இன்னொன்றில் 0047 என்ற எழுத்தாகவும் ஒரே ஆள் இருப்பது சாதாரணம். ஆகவே இரண்டையும் எழுத்தாக்கி, ஓர இடைவெளிகளை நீக்கி, முன்பக்கம் பூச்சியங்களால் ஒரே நீளத்துக்கு நிரப்பிய பிறகே ஒப்பிட வேண்டும்.

பாண்டாஸ் என்ற இன்னொரு பைதன் நூலகம் கொண்டு செய்தால் சுலபம் என்று சிலர் சொல்கிறார்கள். பகுப்பாய்வுக்குப் பாண்டாஸ் அருமையானது. மூன்று மாதக் கொழுந்தை மலைவாரியாகச் சேர்த்துப் பார்க்க நானும் அதைத்தான் பயன்படுத்துவேன். ஆனால் ஏற்கெனவே வடிவமைத்த ஒரு தாளுக்குள் நிரப்பும் வேலைக்கு அது உகந்ததன்று. எண்கள் உள்ள நிரலில் ஒரு கலம் வெறுமையாக இருந்தாலே அந்த நிரல் முழுவதையும் அது தசம எண்களாக்கி, 47ஐ 47.0 ஆக்கிவிடும், பிறகு அகராதியில் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

தாளின் முடிவு எது என்பதிலும் கவனம் வேண்டும். கடைசி நிரை எது என்று நூலகத்தைக் கேட்டால், கடைசியாக மதிப்பு உள்ள நிரையை அது சொல்வதில்லை. வெறும் எல்லைக் கோடு மட்டும் போட்டிருந்தாலும் அதையும் நிரையாகவே எண்ணும். ஐந்நூறாவது நிரை வரை யாரோ கோடு போட்டு வைத்திருந்தால் விடை 500. புதிதாக வந்த தொழிலாளரை நூலகத்தின் அப்பென்ட் கட்டளை மூலம் சேர்க்க முயன்றால் அவர் 501ஆம் நிரையில், அச்சுப் பக்கத்துக்கு வெளியே, யார் கண்ணுக்கும் படாமல் இருப்பார். தொழிலாளர் எண் நிரலில் வெறுமை தொடங்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாதுகாப்பானது.

பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம் அலுவலகங்களில் வழக்கமான சிக்கல். பழைய செக்ரோல்களில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். கலத்துக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. மதிப்பை மட்டும் நகலெடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், பெயர் நிரல் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகிவிடும். எழுத்துருவையும் கூடவே எடுத்துச் சென்றால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் தேடவும் அகர வரிசைப்படுத்தவும் முடியாது. என் தீர்வு எளியது: பெயரை நகலெடுப்பதே இல்லை. இலக்குத் தாளில் பெயர்கள் யூனிகோட்டில் ஏற்கெனவே இருக்கின்றன, எண்தான் திறவுகோல். மூலத்தில் உள்ள பெயரைச் சரிபார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதை யூனிகோட்டுக்கு மாற்றி, இலக்கில் அதே எண்ணுக்கு நேரே உள்ள பெயரோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் எண்ணைத் தவறாக அடித்திருக்கிறார்கள் என்று அறிவிக்கச் செய்கிறேன். அவ்வாறு ஒப்பிடும்போது, கோபால் என்பதில் உள்ள 'கோ'வை இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம் என்பதை மறக்கக் கூடாது. திரையில் இரண்டும் ஒன்றே; பைதனுக்கு இரண்டும் வெவ்வேறு. யூனிகோட்டேட்டா தொகுதியிலுள்ள என்எஃப்சி என்ற ஒழுங்குக்கு இரண்டையும் கொண்டுவந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் சிக்கல்கள். பணத்தில் கை வைப்பவை இனி வருபவை.

வெறுமையும் பூச்சியமும் ஒன்றல்ல. கலம் வெறுமையாக இருந்தால் அவர் அன்று வேலைக்கு வரவில்லை. பூச்சியம் என்றால் வந்தார், பேர் (அன்றைய வேலை நாள் பதிவு) போடப்பட்டது, ஆனால் புல்வெட்டவோ கான் (வடிகால்) வெட்டவோ அனுப்பப்பட்டதால் கொழுந்து இல்லை. மதிப்பு இல்லாவிட்டால் விட்டுவிடு என்று பைதனில் சுருக்கமாக எழுதினால், அது பூச்சியத்தையும் இல்லாததாகவே கொண்டு தாண்டிப்போகும். ஒருவருடைய ஒரு நாள் பேர் அங்கே காணாமற் போகும். வெறுமைதானா என்று நேரடியாகக் கேட்டு எழுதுவது இன்னும் ஒரு சொல் கூடுதலாகத் தட்டுவதுதான். அந்த ஒரு சொல்லில் நாட்சம்பளம் இருக்கிறது.

அதைவிட நுட்பமானது, எண் போலத் தோன்றும் எழுத்து. கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டிலில்) எழுதிய துண்டைப் பார்த்து அவசரமாக அடிக்கும்போது, 18.5 என்பதற்குப் பிறகு கிலோ என்று சேர்த்து அடித்திருப்பார்கள். அல்லது புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி விழுந்திருக்கும். அந்தக் கலம் எழுத்தாகிவிடும். எக்செலின் கூட்டல் சூத்திரம் எழுத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, எதுவும் சொல்லாமல் தாண்டிவிடும். இப்போது வழக்கமான சரிபார்ப்பை நினைத்துப் பாருங்கள்: மூலத்தின் மொத்தமும் இலக்கின் மொத்தமும் ஒன்றாக இருந்தால் நகல் சரி என்போம். எழுத்து எழுத்தாகவே நகலானால் இரண்டு தாளிலும் அந்த 18.5 கிலோ கூட்டப்படாது. இரண்டு மொத்தங்களும் அச்சொட்டாக ஒத்துப்போகும். நகல் சரி, கணக்கு தவறு. அன்று நோர்முக்கு (ஒரு நாளுக்கு விதித்த கிலோ அளவுக்கு) மேலே பறித்த ஒருவருக்கு மேலதிகக் கிலோவுக்கான காசு கிடைக்காது. அல்லது முழுப்பேர் அரைப்பேர் ஆகிவிடும். ஆகவே மொத்தத்தை ஒப்பிடுவது மட்டும் போதாது. நாள் நிரல்களில் வரும் ஒவ்வொரு மதிப்பும் எண்ணா, வெறுமையா என்று பார்த்து, இரண்டும் இல்லாத எதையும் எழுத மறுக்க வேண்டும். அதை எண்ணாக மாற்ற முயலும் புத்திசாலித்தனத்தை நான் செய்நிரலுக்குக் கொடுக்கவில்லை. 18,5 என்பது பதினெட்டரையா, நூற்று எண்பத்தைந்தா என்று சொல்ல வேண்டியவர் நிறுவையில் நின்றவர்.

நாள் நிரல்களின் தலைப்பிலுள்ள தேதிகளும் இப்படித்தான். ஒரு கணினியில் மாதம் முன்னால், இன்னொன்றில் நாள் முன்னால் என்று அமைப்பு மாறியிருந்தால், 03/05 என்று அடித்தது ஓரிடத்தில் மார்ச் 5 ஆகவும் மற்றோரிடத்தில் மே 3 ஆகவும் சேமிக்கப்படும். மாதம் முன்னால் உள்ள கணினியில், நாளை முன்னால் வைத்து ஆண்டோடு அடித்தால், 12க்கு மேற்பட்ட நாள்கள் தேதியாகாமல் எழுத்தாகவே நிற்கும். தலைப்பு நிரையில் பாதி தேதி, பாதி எழுத்து என்று இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நகலெடுப்பதால் இது திருந்தாது. மூலத்தில் தேதித் தலைப்பு நிரை முழுவதும் ஒரே வகையாக இருக்கிறதா, எல்லாம் அந்த மாதத்துக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்து, இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன்.

தசமங்களைக் கூட்டி ஒப்பிடும்போது நேரடியாகச் சமமா என்று கேட்காமல், இரண்டு தசம இடங்களுக்கு மட்டப்படுத்திய பிறகு கேட்க வேண்டும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பது பைதனின் குற்றமன்று. எண்களைக் கணினி இரும முறையில் வைத்திருப்பதன் விளைவு.

பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளை ஓப்பன்பைஎக்ஸ்எல் திறக்காது. அவற்றுக்கு எக்ஸ்எல்ஆர்டி என்ற நூலகம் உண்டு. ஆனால் எக்செலில் ஒரு தடவை திறந்து புதிய வடிவில் சேமித்துக்கொள்வது அதைவிடச் சுலபம். கோப்புறையில் உள்ள கோப்புகளை எல்லாம் வரிசையாக எடுக்கும்போது, ~$ என்று தொடங்கும் பெயர்களை விலக்க வேண்டும்; அவை யாரோ எக்செலில் திறந்து வைத்திருக்கும் கோப்பின் தற்காலிக நிழல்கள். இலக்குக் கோப்பே எக்செலில் திறந்திருந்தால் விண்டோஸ் அதன் மீது சேமிக்க அனுமதி மறுக்கும். அந்த ஆங்கிலப் பிழைச் செய்தியைப் பார்த்துக் கிளாக்கர் பயந்துவிடாமல் இருக்க, "செக்ரோல் திறந்திருக்கிறது, மூடிவிட்டு மறுபடி இயக்கவும்" என்று தமிழில் காட்டச் செய்தேன்.

மின்சாரம் இன்னொன்று. மழைக் காலத்தில் மலைப்பக்கம் அது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சேமித்துக்கொண்டிருக்கும்போது போனால் ஸிப் பொதி பாதியில் நின்று, கோப்பு திறக்காமலே போய்விடும். அதனால் இலக்குக் கோப்பின் பெயரிலேயே நேரடியாகச் சேமிக்காமல், அதே கோப்புறையில் வேறொரு பெயரில் முழுமையாகச் சேமித்து முடித்த பிறகு, ஓஎஸ் தொகுதியின் ரிப்ளேஸ் மூலம் பெயரை மாற்றி வைக்கிறேன். இடையில் என்ன நடந்தாலும் பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும்.

இப்போது அலுவலகத்தில் இதை இயக்குவது திரையிலுள்ள ஒரு படவுருவை இரட்டைச் சொடுக்குச் செய்வதுதான். இலக்கில் இல்லாத எண்கள், ஒரே கோப்பில் இரண்டு தடவை வந்த எண்கள், பெயர் ஒவ்வாதவை, எண்ணாக இல்லாத நிறைகள் ஆகியவற்றை முதலில் திரட்டுகிறது. ஒன்றேனும் இருந்தால் எதையும் சேமிக்காமல், பிரிவு, தொழிலாளர் எண், தேதி, கலத்தில் இருந்தது என்ன என்ற நான்கு விவரங்களோடு ஒரு பட்டியலை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிரிவுக்குத் தொலைபேசியில் பேசுவது பெரிய கிளாக்கரின் வேலை. அதைப் பைதனுக்குக் கொடுக்கும்படி அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்க முன்வரவில்லை.